கை பழக எது நல்ல வழி: வியன்னாவின் வட்டமா, கலிஃபோர்னியாவின் மூக்குப்பட்டையா?

குதிரையின் வாயை ஒருமுறை திறந்து பார்த்தவர் அதன்பின் கடிவாளத்தை வெடுக்கென்று இழுக்க மாட்டார். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத இடைவெளி ஒன்று இருக்கிறது. பிட் என்கிற இரும்பு உட்காருவது அங்கேதான். மெல்லிய ஈறு, அதற்கடியில் உடனே எலும்பு. முழங்காலுக்குக் கீழே கட்டில் சட்டம் இடித்தால் நமக்கு எப்படி உயிர் போகுமோ, அப்படிப்பட்ட இடம் அது.

அந்த எலும்போடு பேசப் போகும் கையை எப்படிப் பழக்குவது? இரண்டு பழைய மரபுகள் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன.

வியன்னாவின் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூலில் புதிதாகச் சேர்பவருக்குக் கையில் பிடிக்கும் கடிவாள வாரே கிடையாது, கால் வைக்கும் அங்கவடியும் கிடையாது. பயிற்சியாளர் நீளக் கயிற்றில் குதிரையை வட்டமடிக்க விடுவார், லஞ்சிங் என்பார்கள். மாணவர் சேணத்தில் உட்கார்ந்து மாதக்கணக்கில் இடுப்பால் அசைவுக்கு ஈடுகொடுக்கப் பழகுகிறார். அவரைச் சுமப்பது பெரும்பாலும் எல்லாம் கற்றுத் தேர்ந்த மூத்த லிப்பிஸானர் இன ஆண்குதிரை.

கையைப் பழக்க எதற்கு இடுப்பு? நான் கற்ற இடத்தில் முதல் நாளே வாரைக் கொடுத்துவிட்டார்கள். ட்ராட் என்கிற துள்ளோட்டத்தில் குதிரையின் தலை ஏறக்குறைய ஆடாமல் நிற்கும். ஏறி இறங்குவது நாம்தான். நான் எழும்போதெல்லாம் என் முஷ்டியும் கூடவே எழுந்தது. ஒவ்வொரு எழும்பலுக்கும் அந்தச் செம்பழுப்புப் பெட்டைக்கு வாயில் ஓர் இடி. அவள் தலையைத் தூக்கினாள், வாயைப் பிளந்தாள். "அடம்பிடிக்கிறா, இறுக்கிப் பிடிங்க" என்றார் பயிற்சியாளர். நானும் இறுக்கினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை. விழாமலிருக்க நான் பிடித்துத் தொங்கிய கைப்பிடி அவளுடைய வாய்.

நடையிலும், கேன்டர் என்கிற பாய்ச்சலோட்டத்திலும் கதை வேறு. அங்கே குதிரையின் தலை முன்னும் பின்னும் அசையும், முழங்கை அதோடு போய் வர வேண்டும். ட்ராட்டில் உடம்பு எழ எழ முழங்கை விரிந்து கொடுத்தால்தான் முஷ்டி இருந்த இடத்திலேயே நிற்கும். இடுப்பு நிலைக்காத உடம்புக்கு இந்த இரண்டுமே வராது. வியன்னாக்காரர்கள் சொல்வது இதைத்தான், அது சரி.

கலிஃபோர்னியாவின் வக்கேரோக்கள், அதாவது ஸ்பானிய காலத்து மாட்டுக்கார ரைடர்கள், வேறு பக்கமிருந்து வந்தார்கள். குதிரை இளசாக இருக்கும்வரை வாய்க்குள் இரும்பே வேண்டாம் என்றார்கள். பச்சைத்தோலில் பின்னிய 'பொஸால்' என்கிற பட்டை மூக்கெலும்பின்மேல் உட்காரும். நம் ஊர் மூக்கணாங்கயிறு போல எதையும் துளைக்காது. குதிரைமுடியில் திரித்த 'மெகாத்தே' கயிறுதான் வார்.

இதில் ஒரு நுட்பம். தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருந்தால் குதிரை அதன்மேல் சாய்ந்துகொள்ளும், பிறகு எதையும் கேட்காது. சின்னதாக ஒரு சைகை, உடனே விடுதலை. அதற்குத்தான் அது கட்டுப்படும். கயிறு தளர்ந்ததும் பட்டை தன் எடையிலேயே தாடையை விட்டு விலகிவிடும். கை விட மறந்தால் பொஸால் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த கட்டத்தில் மெல்லிய பொஸாலும் பிட்டும் சேர்ந்து ஏறும். அண்ணத்தை நோக்கிக் கரண்டிபோல் நீளும் ஸ்பேட் பிட்டுக்குத் தனியாக வந்து சேர வருடங்கள் ஆகும். முரட்டுக் கையில் அது ஆயுதம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் தயங்காமல் சொல்வது வியன்னாவின் வழி. வக்கேரோ வழி உட்காரத் தெரிந்தவருக்கு. இருக்கை நிலைக்காதவர் கையில் பொஸாலும் மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கும். ஆனால் விடுதலையை அதைவிடத் தெளிவாகச் சொல்லித்தர வேறொன்றை நான் பார்த்ததில்லை. அங்கவடி இல்லாமல் ஓராண்டு வட்டமடித்தவர்கூட, வாரைக் கொடுத்ததும் பிடித்ததை விடாமல் இருக்கலாம். வியன்னா தன் ஆசானாக மதிக்கும் 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக்காரர் லா கெரினியேரும், குதிரை இணங்கியதும் கையை இறக்கிவிடச் சொன்னவர்தான்.

லஞ்சிங்குக்கு நிதானமான குதிரையும் கயிறு பிடிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். எல்லா இடத்திலும் அமையாது. குறைந்தபட்சம் குதிரையின் கழுத்தில் ஒரு வார்ப்பட்டை கட்டச் சொல்லுங்கள். தடுமாறினால் அதைப் பிடிக்கலாம், வாய் தப்பிக்கும். சுண்டுவிரலை அதில் லேசாக மாட்டியபடி ட்ராட் போனால் முஷ்டி எப்போது எழுகிறது என்பது அந்த நொடியே தெரிந்துவிடும்.

வீட்டிலும் ஒன்று செய்யலாம். ஒரு கயிற்றின் நடுப்பகுதியை நண்பர் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும், இரு முனைகளும் உங்களிடம். அவர் கண்ணை மூடிக்கொள்ள, நீங்கள் மோதிர விரலை மட்டும் மூடித் திறங்கள். தெரிந்ததும் அவர் "ம்" சொல்ல வேண்டும். என் தங்கையோடு செய்தபோது, நான் விரலை மூடலாமா என்று யோசிக்கும்போதே அவள் "ம்" என்றாள்.