வீல் லாக் போல்ட் சாவி தொலைந்தால்: ஷோரூமா, சுத்தியலா, வெல்டிங்கா?

திண்டிவனம் தாண்டியதும் முன்பக்க டயரில் காற்று இறங்கிவிட்டது. பஞ்சர் கடை அண்ணன் ஸ்பேனரோடு வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நாலு போல்ட்டைப் பார்த்தவர் ஐந்தாவதில் கையை நிறுத்திவிட்டார். "இதுக்குத் தனிச் சாவி இருக்குமே தம்பி?" டிக்கியில் ஸ்டெப்னியோடு இருக்கும் டூல் பையில் இருந்தது. இப்போது இல்லை. போன மாதம் டயர் மாற்றிய கடையில் அவர்களுடைய ரெஞ்சின் முனையிலேயே தங்கியிருக்க வேண்டும்.

டியூப்லெஸ் டயர் என்பதால் தப்பித்தேன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கச் சொன்னார். வண்டியை அரை அடி நகர்த்தி, ஆணி குத்திய இடத்தைக் கை எட்டும் பக்கம் கொண்டுவந்தார். வீலைக் கழற்றாமலே ரப்பர் திரியைச் செருகி அனுப்பிவைத்தார். டயரின் பக்கவாட்டில் கிழிந்திருந்தால் அன்றைக்கு இந்த வழியும் கிடையாது.

என்னுடையது ஃபோக்ஸ்வேகன் போலோ கார். இதில் வீலுக்கு நட் இல்லை, போல்ட் நேரே ஹப்பில் (வீல் மாட்டும் நடுப்பகுதி) ஏறும். வீலுக்கு ஐந்து. நான்கு சாதாரண 17 எம்எம் போல்ட். ஐந்தாவது, வீலைத் திருடாமல் தடுக்கும் லாக் போல்ட். அதன் தலையில் பூட்டுச் சாவி மாதிரி ஒரு தனி வடிவம். அதற்குப் பொருந்தும் அடாப்டரைத்தான் எல்லோரும் சாவி என்கிறோம். வீடு திரும்பியதும் அதை மீட்கும் வழிகளை ஒவ்வொன்றாக விசாரித்தேன்.

முதலில் நிற்பது கோடு எண் வழி. அடாப்டரின் முகப்பில் ஒரு எண் பொறித்திருக்கும். அதைக் குறித்து வைத்திருந்தால் ஷோரூம் பார்ட்ஸ் கவுன்டரில் ஆர்சி புத்தகத்தைக் காட்டி அதே அடாப்டரை வரவழைக்கலாம். நான் குறித்து வைக்கவில்லை. அதனாலும் கதவு அடைபடவில்லை: சர்வீஸ் சென்டரில் எல்லா வடிவமும் அடங்கிய மாஸ்டர் செட் பெட்டி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து எண்ணைக் கண்டுபிடிக்கலாம். போல்ட் தலையைத் துடைத்து, டார்ச் அடித்து, நேர் எதிரே வைத்து எடுத்த போட்டோவும் தேடலைக் குறைக்கும். இந்த வழியில் காத்திருக்க வேண்டும். ஆனால் வீலில் ஒரு கீறல்கூட விழாது. வண்டி ஓடும் நிலையில் இருந்தால் இதைத் தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள் என்பேன்.

ஸ்டெப்னி மாட்டியே ஆகவேண்டும், ராத்திரி, நடுரோடு என்றால்? அப்போது சுத்தியல் வழி. போல்ட் தலையைவிட ஒரு இழை சிறிய, உள்ளே பன்னிரண்டு முனை உள்ள சாக்கெட்டைத் தலைமேல் வைத்து அடித்து இறுக்கி, நீளமான கம்பியால் மெதுவாகத் திருப்புவது. சாக்கெட் அநேகமாக அதோடு சரி. இதைவிட நல்லது, இதற்கென்றே விற்கும் உள்மரை சாக்கெட். அதன் உட்புறம் இடப்பக்க மரை வெட்டியிருக்கும். கழற்றும் திசையில் திருப்பத் திருப்ப தலையைக் கவ்விக்கொண்டே போகும். இரண்டுக்கும் ஒரு தடை உண்டு. சில லாக் போல்ட்டுகளின் தலையைச் சுற்றி ஒரு வளையம் சும்மா சுழலும். அந்த வகையில் எதுவும் கவ்வாது. இன்னொன்று, அலாய் வீலில் போல்ட் குழிக்குள் இருப்பதால் சுத்தியல் நழுவினால் வீலில் வடு விழும். மற்ற நாலு போல்ட்டும் இறுகியிருக்கும்போதே, வீல் தரையில் இருக்கும்போதே லாக் போல்ட்டைத் தளர்த்துங்கள். பாரம் அதன்மேல் மட்டும் விழாமல் இருக்கும்.

பட்டறையில் கேட்டால் முதலில் வரும் பதில், "ஒரு நட்டை வெச்சு வெல்டிங் அடிச்சிடலாம் சார்." வேலை சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் சூட்டில் அலாய் வீலின் பெயின்ட் பொரிந்துபோகும். எர்த் கிளாம்ப்பைத் தப்பான இடத்தில் மாட்டினால் மின்சாரம் வீல் பேரிங் வழியாகப் பாய்ந்து அதையும் கெடுக்கும். ஒரு போல்ட்டுக்காக பேரிங்கைப் பணயம் வைக்க எனக்கு மனசில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

லேத்தில் புதுச் சாவி கடைந்து தரலாம் என்றும் ஒருவர் சொன்னார். லேத் வட்டமாகக் கடையும். இந்த வடிவத்துக்கு வயர் கட்டிங் (மெல்லிய கம்பியில் மின்சாரம் பாய்ச்சி அறுப்பது) வேண்டும், அப்புறம் அதைக் கடினப்படுத்தவும் வேண்டும். சாதா இரும்பில் செய்த சாவி முதல் திருப்பிலேயே மழுங்கிவிடும். துளையிடுவது எல்லாம் கைவிட்ட பிறகுதான். போல்ட் கெட்டியான எஃகு, டிரில் பிட்டைத் தின்றுவிடும்.

நான் மாஸ்டர் செட் வழியில் போனேன். ஒரு வாரத்தில் புது அடாப்டர் கைக்கு வந்தது. வந்ததும் நாலு லாக் போல்ட்டையும் கழற்றிவிட்டுச் சாதாரண போல்ட் மாட்டினேன். என் வண்டி கேட்டுக்குள் நிற்கிறது. தெருவில் நிறுத்துபவர்கள் லாக்கை விடவேண்டாம். மாற்றுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: போலோவுக்கு எம்14, 1.5 மரை (14 எம்எம் தடிமன், மரைக்கு மரை 1.5 எம்எம்), வீலில் உட்காரும் இடம் பந்து போல வளைந்தது. கூம்பு வடிவ போல்ட்டும் அதே மரையில் ஏறிவிடும், ஆனால் வீலில் முழுதாகப் படியாது, ஓட ஓடத் தளரும். முதலில் கையால் திருகி, கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள். லாக் போல்ட்டை வைத்திருந்தால், போல்ட்டை வேகமாகத் திருப்பும் காற்றுத் துப்பாக்கியை அடாப்டர்மேல் வைக்க விடாதீர்கள். வேலை முடிந்ததும் அதைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.