பத்மினியில் பழைய ரேடியோ: ஆறு வருடம் கேட்டபின்

என்னிடம் இருப்பது 1984 பிரீமியர் பத்மினி கார், அப்பா ஓட்டியது. ரேடியோவும் அவர் காலத்து மீடியம் வேவ் செட்தான். ஆறு வருடத்துக்கு முன் இன்ஜின் வேலை முடிந்து வண்டி வந்த அன்று, சென்னை ‘ஏ’ நிலையத்தை 720 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் கடுகு தாளிக்கிற மாதிரி படபடப்பு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே வேகமெடுத்தது.

செட் போய்விட்டது என்றார் ரேடியோ மெக்கானிக். இன்ஜினை நிறுத்தினால் சுத்தமாகப் பாடுகிறதே! அப்புறம் எப்படி செட் மேல் பழி போடுவது? நாலு சிலிண்டர் வண்டி 900 ஆர்பிஎம்மில் நின்றாலே, பெட்ரோலைப் பற்றவைக்க நொடிக்கு 30 பொறி. மார்க்கோனி முதலில் கம்பியில்லாமல் செய்தி அனுப்பியதே பொறியை வைத்துத்தான். பானெட்டுக்குள் ஓடுவதும் அப்படி ஒரு நிலையம்தான்.

பானெட்டைத் திறந்து பார்த்தேன். இரைச்சலை அடக்கும் 1 மைக்ரோஃபேரட் கண்டன்சரை, பொறிக்கு உயர் வோல்டேஜ் தரும் காயிலில், அதை பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மைனஸ் முனையில் மாட்டியிருந்தார்கள். அது இருக்க வேண்டிய இடம் சாவியிலிருந்து கரண்ட் வரும் பிளஸ் முனை. மைனஸில் மாட்டினால், காயிலின் கரண்டை வெட்டி வெட்டிப் பொறி வரவைக்கும் பாயிண்டுக்கென்று இருக்கும் 0.2 மைக்ரோஃபேரட் சொச்சம் கண்டன்சரோடு இதுவும் சேர்ந்து, பொறியே சோர்ந்துவிடும். காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கு நான் அதுவரை கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம். கண்டன்சரை இடம் மாற்றி, அதன் கிளிப் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி எர்த் கொடுத்ததும் வண்டி அரைச் சுற்றில் பிடித்தது. இரைச்சலும் பாதியானது.

மீதிப் பாதி, காயிலிலிருந்து பிளக் வரை போகும் பிளக் ஒயரின் வேலை. செம்புக் கம்பி ஒயரைக் கழற்றிவிட்டு, இரைச்சலை அடக்கும் மின்தடையுள்ள கார்பன் ஒயர் போட்டேன். மூன்று வருடம் நன்றாக இருந்தது. பிறகு ஒன்று உள்ளேயே அறுந்து, மழையில் வண்டி நொண்ட ஆரம்பித்தது. இப்போது மறுபடியும் செம்பு ஒயர், நுனியில் 5 கிலோ ஓம் தடையுள்ள பிளக் கேப். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

நாலாம் வருடம் இரைச்சல் திரும்பி வந்தது. காயிலைத் தடவித் தடவி ஒரு ஞாயிறு போயிற்று. கடைசியில் பார்த்தால் ஆன்டெனா அடியில் துரு, கடல் காற்றின் வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினேன், சரியாயிற்று. பானெட்டுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு பின்னல் எர்த் பட்டையும் கொடுத்தேன்; பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது காயிலால் தொல்லை இல்லை. லைட்டர் சாக்கெட்டில் மகன் சொருகும் போன் சார்ஜர்தான் அதைவிட மோசமாக இரைகிறது. செய்தி நேரத்தில் பிடுங்கிவிடுவேன். “பேட்டரி மூணு பர்சென்ட்தான்பா இருக்கு” என்பான்.