சோலினாய்டு இரண்டு முறை கருகிய பிறகு: பழைய காரின் ஓவர்டிரைவோடு நான்கு ஆண்டுகள்

என் பழைய காரில் இருப்பது லேகாக் நிறுவனத்தின் ஏ வகை ஓவர்டிரைவ். கியர்பாக்ஸின் பின்னால் பொருத்தப்பட்டு, அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுழல விடும் கூடுதல் கியர் இது. எட்கர் டி நார்மன்வில் வடிவமைத்த இந்தக் கருவியின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. நான்காம் கியரில் நிமிடத்துக்கு 3,500 சுற்றில் இரைந்துகொண்டிருக்கும் எஞ்சின், சுவிட்சைத் தட்டியதும் வேகம் குறையாமலே ஏறத்தாழ 2,870 சுற்றுக்கு இறங்கிவிடும். நீண்ட சாலையில் அந்த அமைதிக்காகவே இந்தக் காரை வைத்திருக்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அது தகராறு செய்யத் தொடங்கியது. சுவிட்சைப் போட்டால் பிடிக்கும். சில நிமிடங்களில் தானாக விலகிவிடும். பிறகு ஒருநாள் பிடிக்கவே இல்லை. சுவிட்சைப் போட்டதும் ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்தமான சோலினாய்டு கருகியிருந்தது. புதியது மாட்டினேன். இரண்டே மாதத்தில் அதுவும் கருகியது. காரைப் பார்த்த பட்டறையில், உள்ளே உராய்ந்து பிடிக்கும் கூம்புக் கிளட்ச் தேய்ந்துவிட்டது, கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றார்கள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. கிளட்ச் தேய்ந்திருந்தால் மேட்டில் ஏறும்போது வழுக்கியிருக்கும். வேகம் கூடாமல் எஞ்சின் சுற்று மட்டும் எகிறியிருக்கும். என் காரிலோ பிடித்திருந்த நேரம் முழுவதும் உறுதியாகப் பிடித்தது. எண்ணெய் மட்டமும் சரியாக இருந்தது. அப்படியானால் கோளாறு வெளியில்தான் இருக்க வேண்டும்.

இந்த வகைச் சோலினாய்டுக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று, நடுவே நகரும் இரும்புத் துண்டான உலக்கையை இழுக்கும் சுருள். 15 முதல் 20 ஆம்பியர் வரை குடிக்கும். உலக்கை முழுதாக உள்ளே போனதும் ஒரு சிறு தொடர்பு அதைத் துண்டித்துவிடும். அதன் பிறகு தாங்கும் சுருள் ஓர் ஆம்பியர் அளவில் வேலையைத் தொடரும். உலக்கை மயிரிழை குறைவாக நகர்ந்தாலும் இழுக்கும் சுருள் அணையாது, வெந்துகொண்டே இருக்கும்.

எஞ்சினை அணைத்து, இக்னிஷனை மட்டும் போட்டு, நான்காம் கியரில் வைத்து சுவிட்சைத் தட்டினேன். ‘டக்’ என்ற ஒலி தெளிவாகக் கேட்டது. ரிலே, கீழ் கியர்களில் ஓவர்டிரைவ் பிடிக்காமல் தடுக்கும் கியர்பாக்ஸ் மேலுள்ள சுவிட்ச், ஒயர்கள் எல்லாம் நலம் என்று அந்த ஒலி என்னை நம்பவைத்திருந்தது. முதல் முறையே ஆம்பியரை அளந்திருக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் பெரும்பாலும் 10 ஆம்பியர்தான் தாங்கும் என்பதால், 30 ஆம்பியர் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி இணைத்தேன். முள் 17-இல் போய் நின்றது, இறங்கவே இல்லை. உடனே சுவிட்சை அணைத்தேன்.

மிச்சத்தை, உலக்கையோடு சேர்ந்து அசையும் லீவர் சொல்லியது. லீவரிலும் உறையிலும் 3/16 அங்குலத் துளை ஒன்று இருக்கும். சோலினாய்டு இழுத்த நிலையில் ஒரே அளவுக் கம்பி இரண்டிலும் நுழைய வேண்டும். என்னுடையதில் நுழையவில்லை. முன்பு யாரோ கழற்றிவிட்டு, லீவரைத் தண்டோடு கவ்வும் போல்ட்டைக் கண்ணளவில் இறுக்கியிருக்கிறார்கள். நானும் அதைச் சரிபார்க்காமல் புதிய சோலினாய்டை மாட்டிவிட்டேன். போல்ட்டைத் தளர்த்தி, கம்பியைச் செருகி, உலக்கையை முழுதாக உள்ளே தள்ளி இறுக்கினேன். அடுத்து மாட்டிய சோலினாய்டில் முள் ஒரு கணம் எகிறி, ஓர் ஆம்பியருக்கு இறங்கியது. செருகிய கம்பியை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

ஓவர்டிரைவ் விலகாமல் மாட்டிக்கொண்டால் காரை ஒருபோதும் ரிவர்ஸில் எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஒருவழிக் கிளட்ச் நொறுங்கிவிடும். கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் எண்ணெய் ஒன்றே என்பதால், உராய்வைக் குறைக்கும் சேர்மானம் எதையும் அதில் ஊற்றக் கூடாது, வழுக்கும்.

இடையில் ஒருமுறை அது விலகுவதற்குத் தாமதமானது. எண்ணெய் அழுத்தத்தைத் திறந்து மூடும் இயக்க வால்வின் நுண்துளையில் அடைப்பு. மெல்லிய கம்பியால் நீக்கி, எண்ணெய் வடிகட்டியையும் கழுவினேன், சரியாகிவிட்டது. அந்த மூன்றாவது சோலினாய்டுதான் இன்றுவரை ஓடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை மீட்டரை இணைத்துப் பார்க்கிறேன். போன மாதமும் முள் ஓர் ஆம்பியரில்தான் நின்றது.