மூன்று நாள் பயிற்சியில் உருப்படியானது ஒரு பிற்பகல்

வெப்பக் குழாய் வடிவமைப்பது என் பிழைப்பு. குழாயின் ஒரு முனையில் நீர் ஆவியாகும், மறுமுனையில் ஆவி குளிர்ந்து நீராகும். இந்த இரண்டையும் கணினியில் சிமுலேஷன் செய்யக் கற்றுத்தருகிறோம் என்றதால், மூன்று நாள் இணையவழிப் பயிற்சிக்கு 9,500 ரூபாய் கட்டினேன். நடத்தியவர்களின் பெயர் வேண்டாம். இதே பாணியில் பலர் நடத்துகிறார்கள்.

முதல் நாள் வீண். குழாயைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நீர் எத்தனை பங்கு, ஆவி எத்தனை பங்கு என்று கணக்கு வைக்கும் முறையை நான்கு மணி நேரம் இழுத்தார்கள். அது தெரியாதவர் இந்த வகுப்புக்கு வந்திருக்கவே மாட்டார்.

இரண்டாம் நாள் 'லீ மாடல்' என்ற சூத்திரம். வெப்பநிலை கொதிநிலையைத் தாண்டினால் நீர் ஆவியாகும், இறங்கினால் ஆவி நீராகும்; எவ்வளவு வேகமாக என்பதை ஒரு கெழு முடிவு செய்கிறது. ஆசிரியர் அங்கே 0.1 என்று விட்டுவிட்டு அடுத்த திரைக்குப் போனார். "ஏன் 0.1, சார்?" என்றேன். "மென்பொருளில் அப்படித்தான் இருக்கும்" என்றார். ஆய்வுக் கட்டுரைகளில் இதே கெழுவை 0.1 முதல் ஒரு கோடி வரை வைத்திருக்கிறார்கள்! குறைவாக வைத்தால் நீரும் ஆவியும் சந்திக்கும் எல்லையில் உள்ள நீர் 100 டிகிரியைத் தாண்டியும் திரவமாகவே நிற்கும். அளவுக்கு மீறி ஏற்றினால் கணக்கு சிதறிவிடும். இதில் ஒரு வார்த்தை கூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் வேறொரு பெண் பொறியாளர் வந்தார். கொடுத்த காசு அப்போதுதான் செரித்தது. ஓப்பன்ஃபோம் என்ற இலவச சிமுலேஷன் மென்பொருளைத் திறந்து, நீரிலிருந்து ஆவிக்கு ஒரு வரி, ஆவியிலிருந்து நீருக்கு ஒரு வரி என்று எழுதவைத்தார். என் திரையில் குளிர்ந்த சுவரில் ஒரு சொட்டும் சேரவில்லை. சூடான ஆவி மட்டும் நீராகிக்கொண்டிருந்தது. பார்த்தவுடன் "மைனஸ் எங்கே, சார்?" என்றார். குளிரும் திசைக்கான கெழுவுக்கு எதிர்க்குறி போட வேண்டும். நான் போடவில்லை. இன்னொருவர் நாற்புறமும் மூடிய பெட்டியில் நீரைக் கொதிக்கவைத்தார். ஒரு லிட்டர் நீர் சுமார் 1,600 லிட்டர் ஆவியாகும் என்பதை மறந்துவிட்டார் போலும். அவருடைய கணக்கு ஆரம்பித்த வேகத்தில் நின்றது.

பிறகு, சிமுலேஷனைச் சரிபார்க்க உதவும் ஸ்டெஃபான் கணக்கு. ஒரே பரிமாணம். சுவர் கொதிநிலையைவிட 10 டிகிரி அதிகம். சுவருக்கும் நீருக்கும் நடுவே ஆவிப் படலம் வளர்கிறது. இதற்குத் தாளிலேயே விடை உண்டு: வளிமண்டல அழுத்தத்தில் 10 விநாடியில் ஏறத்தாழ 1.9 மில்லிமீட்டர். "உங்கள் கெழு அதைத் தருகிறதா பாருங்கள். மெஷ்ஷை, அதாவது கட்டங்களின் அளவை, பாதியாக்கினாலும் தருகிறதா பாருங்கள்" என்றார். முந்தைய நாளின் 0.1-ஐப் போட்டேன், படலம் வெகுவாகப் பின்தங்கியது. கெழுவை ஏற்றி ஏற்றி ஓட்டினேன். படலத்தின் வளர்ச்சியைக் காட்டும் கோடு தாளில் இருந்த கோட்டின் மேல் வந்து உட்கார்ந்தபோது இரவு எட்டு மணி. மெஷ்ஷை மாற்றினேன், மறுபடி விலகியது. அதையும் எதிர்பார்க்கச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

வகுப்புப் பதிவு 15 நாள் மட்டுமே கிடைக்கும் என்பது எரிச்சல். அந்தப் பெண்மணி தனியாக எப்போது நடத்துவார் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். முதல் இரண்டு நாள் ஆசிரியரின் அடுத்த மாத அட்டவணையை அனுப்பியிருக்கிறார்கள்.