லோடர் டிராக்டருக்கு எடைப் பெட்டி: பட்டறையில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்

முன்னால் லோடர் மாட்டிய டிராக்டரில் பக்கெட் நிறைய ஈர எருவை அள்ளித் தூக்கினால் பின் டயர் லேசாகிவிடும். டிராக்டருக்குப் பிரேக் பின் சக்கரத்தில்தான் இருக்கிறது. அந்தச் சக்கரம் தரையை அழுத்தாவிட்டால் சரிவில் வண்டி நிற்காது. போதாததற்கு முன் அச்சின் புஷ்ஷும் பேரிங்கும் சீக்கிரம் தேய்ந்து போகும். பின்னால் எடை கட்டுவது இதற்குத்தான். பட்டறைகளில் செய்து தரும் எடைகளில் எது காசுக்குத் தகும், எது தகாது என்று பார்ப்போம்.

டயருக்குள் தண்ணீர் ஏற்றுவதும், சக்கரத்தில் வார்ப்பு எடை மாட்டுவதும் பின்பிடியைக் கூட்டும். ஆனால் முன் அச்சின் பாரத்தை ஒரு கிலோகூடக் குறைக்காது. மூன்று முனை இணைப்பில் (டிராக்டரின் பின்னால் கருவி மாட்டும் இரண்டு கீழ்க் கையும், நடுவே டாப் லிங்க் என்ற மேல் கம்பியும்) தொங்கும் எடை பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் சீசா பலகை போல வேலை செய்கிறது. பெட்டியின் நடு பின் அச்சிலிருந்து 1.1 மீட்டர், இரு அச்சுகளுக்கும் இடைவெளி 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 435 கிலோ பெட்டி முன் அச்சிலிருந்து சுமார் 240 கிலோவை எடுத்துவிடும். பின் டயருக்குச் சேர்வது 675 கிலோ. லோடருக்கு இதைவிட நல்ல எடை கிடையாது.

மலிவாகக் கிடைப்பது 200 லிட்டர் பேரலில் கான்கிரீட் ஊற்றியது. எடை 480 கிலோவைத் தாண்டும், குறையில்லை. கோளாறு, கீழ்க் கைகளில் மாட்டப் பேரலுக்குக் குறுக்கே போகும் கம்பியில் இருக்கிறது. வழவழப்பான உருட்டுக் கம்பியைச் சும்மா கான்கிரீட்டில் புதைத்தால் சில மாதத்தில் பிடி விட்டு, பேரல் அதைச் சுற்றி ஆடத் தொடங்கும். பேரல் தகடு ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான், அதுவும் துருப்பிடித்து உரியும். பேரல்தான் வேண்டும் என்றால் அந்தக் கம்பியில் 12 மி.மீ. முறுக்குக் கம்பித் துண்டுகளைக் குறுக்கே வெல்டு வைத்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். சாமான் வைக்க அதில் இடமில்லை.

மணல் நிரப்பும் பெட்டியும் செய்கிறார்கள். எடையைக் கூட்டிக் குறைக்கலாம் என்பார்கள். மணல் ஒரு கன மீட்டருக்கு 1600 கிலோ, கான்கிரீட் 2400. அதே எடைக்குப் பெட்டி ஒன்றரை மடங்கு பெரிதாக வேண்டும். மழைத் தண்ணீர் மணலில் தங்கி உள்ளேயிருந்து தகட்டைத் தின்னும். வாங்க வேண்டாம்.

நாங்கள் பரிந்துரைப்பது சாமான் பெட்டியோடு சேர்ந்த கான்கிரீட் பெட்டி. 45 குதிரைத்திறன் டிராக்டருக்கு வெளி அளவு அகலம் 750, முன்பின் ஆழம் 450, உயரம் 600 மி.மீ. அடியும் நாலு பக்கமும் 6 மி.மீ. தகடு, மூடி 3 மி.மீ. அடி 400 மி.மீ. உயரம் முழுக்கக் கான்கிரீட். மேலே மிச்சமுள்ள 200 மி.மீட்டரில் முன்பகுதி மூடி போட்ட தட்டு. பின்பகுதியில் 150 மி.மீ. பட்டையில் மேல்வரை கான்கிரீட், அதற்குள் நாலு இன்ச் பிவிசி குழாய் நான்கு, மேலிருந்து அடித்தகடு வரை நிற்கும். குழாயில் கடப்பாரை, மண்வெட்டி, டாமி கம்பி. தட்டில் ஸ்பானர், கிரீஸ் கன், உபரிப் பின், செயின். தட்டின் கொள்ளளவு ஏறக்குறைய 40 லிட்டர், போதும். இதைவிடப் பெரிய தட்டு கேட்காதீர்கள். தட்டில் கூடும் ஒவ்வொரு 10 லிட்டருக்கும் 24 கிலோ எடை போகிறது. இது முதலில் எடை, பிறகுதான் சாமான் பெட்டி.

இந்த அளவுக்குக் கான்கிரீட் 130 லிட்டர் பிடிக்கும். 1:1.5:3 கலவைக்கு ஒரு மூட்டை சிமெண்ட் சரியாக வரும். 52 லிட்டர் எம்-சாண்ட், 105 லிட்டர் ஜல்லி, தண்ணீர் 25 லிட்டருக்கு மேல் வேண்டாம். ஜல்லி 12 மி.மீ. ஆக இருக்க வேண்டும். வழக்கமான 20 மி.மீ. ஜல்லி குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு அடியில் பொந்து விழும். கம்பியால் நன்றாகக் குத்திவிட வேண்டும். வெல்டிங் எல்லாம் ஊற்றுவதற்கு முன்பே முடிந்திருக்கட்டும். ஊற்றிய பிறகு சூடு காட்டினால் தகட்டுக்குப் பின்னால் கான்கிரீட் பொரிந்து விடுபடும். ஏழு நாள் நீராற்றும் வரை பெட்டியைத் தூக்கவே கூடாது.

பட்டறைக்காரர் அதிகமாகத் தவறுவது குழாயின் அடியில்தான். அடித்தகட்டோடு குழாயை மூடிவிடுவார்கள். ஒரு மழைக்கு நாலு குழாயிலும் தண்ணீர் நிற்கும், மண்வெட்டிக் காம்பு ஊறி உப்பும், கடப்பாரை முனை துருவேறும். அடித்தகட்டில் குழாய் அளவுக்கே துளை போட்டு, கூட்டல் குறி போல இரண்டு 10 மி.மீ. கம்பி வெல்டு வைத்தால் சாமான் விழாது, தண்ணீரும் மண்ணும் கீழே கொட்டிவிடும். தட்டின் தளத்தையும் ஒரு மூலைக்கு வாட்டம் கொடுத்து அரை இன்ச் துளை வைக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டும் இல்லாத பெட்டியை, எவ்வளவு நன்றாகப் பெயிண்ட் அடித்திருந்தாலும், எடுக்காதீர்கள்.

குழாயில் நிற்கும் கடப்பாரை மேடு பள்ளத்தில் எம்பிக் குதிக்கும். குழாய்க்கு மேலே ஒரு ஆணியும் பழைய டியூபில் வெட்டிய ரப்பர்ப் பட்டையும் இருந்தால் அடங்கிவிடும்.

இணைப்பு அளவைப் பட்டறையில் வாய்வார்த்தையாகச் சொல்லாமல் வண்டியையே கொண்டுபோய் அளக்க வையுங்கள். இரண்டாம் வகை (கேட்டகிரி 2) இணைப்பானால் கீழ்க் கை மாட்டும் பின் (முளை) 28 மி.மீ. தடிமன், அவற்றின் தோள்களுக்கு இடைவெளி 825, டாப் லிங்க் பின் 25. முதல் வகை சின்ன வண்டிக்கு 22, 683, 19. பின்னை ஒரே தகட்டில் வெல்டு வைத்துத் தருவது வழக்கம். அது சில மாதத்தில் கீழ்நோக்கி வளையும். 12 மி.மீ. தகடு இரண்டுக்கு நடுவே கழற்றி மாட்டும் பின்னாக இருக்கட்டும். டாப் லிங்க் தாங்கும் கோபுரத்தின் கால்கள் பெட்டியின் முன்தகட்டோடு நின்றுவிடாமல் அடிவரை இறங்க வேண்டும். அவற்றில் முறுக்குக் கம்பி வெல்டு வைத்துக் கான்கிரீட்டுக்குள் நீட்டினால் பாரம் தகட்டு வெல்டிங்கை மட்டும் நம்பி நிற்காது.

ஓட்டும்போது பெட்டியைத் தரையிலிருந்து ஓரடிக்கு மேல் தூக்க வேண்டாம். தூக்கிய உயரத்தைப் பிடித்து வைக்கும் பொசிஷன் லீவரில் நிறுத்துங்கள். கீழ்க் கைகள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் பக்கச் செயின் இறுக்கமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் திருப்பத்தில் பெட்டி ஊசலாடி டயரை உரசும். லோடரைக் கழற்றிய வண்டியில் இந்தப் பெட்டி மட்டும் தொங்கக் கூடாது. முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடிக்காது.

கடைசியாக, நாலு மூலையிலும் அகலமான பாதத்தோடு 150 மி.மீ. கால் கேளுங்கள். கால் இல்லாத பெட்டி ஈர மண்ணில் ஒரு பக்கம் அமிழ்ந்துவிட்டால் திரும்ப மாட்டுவதற்கு இரண்டு ஆள் கடப்பாரை போட்டு நெம்ப வேண்டியிருக்கும், அந்தக் கடப்பாரையும் பெட்டிக்குள்தான் இருக்கும். சமதரையில் நின்றால் ஒரே ஆள் போதும். இணைப்பின் இடது கீழ்க் கையை முதலில் மாட்டி, வலது கீழ்க் கையை லெவலிங் கைப்பிடியால் ஏற்றி இறக்கிப் பொருத்தி, டாப் லிங்கைக் கடைசியில் திருகி நீளம் சரிசெய்ய வேண்டும்.