ஃபயர் சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷன் என்று ஆள் கூப்பிடுகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள் – 1,86,500 ரூபாய் போச்சு

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் நானும் அண்ணியும் பெண்கள் விடுதி நடத்துகிறோம். கீழ்த்தளமும் மேலே இரண்டு மாடியும். 38 பெண்கள் தங்கியிருக்கிறார்கள். காலேஜ் படிக்கிறவர்கள் பாதி, ஜவுளிக்கடையிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்க்கிறவர்கள் மீதி. முந்தாநாள் வரைக்கும் இந்தக் கட்டடம் தீக்கும் புகைக்கும் பாதுகாப்பானது என்று நம்பி ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நம்பிக்கைக்கு நான் கொடுத்த விலை 1,86,500 ரூபாய். இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை. எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு மகளிர் விடுதியில் விடியற்காலை ஃபிரிட்ஜ் வெடித்து, புகையில் மூச்சுத் திணறிப் பெண்கள் இறந்துபோனார்கள் அல்லவா, அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அண்ணிக்கு ஒரே பயம். எங்கள் சமையலறையும் கீழ்த்தளத்தில்தான், அதற்கு நேர் மேலே பிள்ளைகள் படுக்கிறார்கள். தீயணைப்புக் குடுவை, அலாரம் எல்லாம் இருக்கிறது. ஆனால் தீ ஒரு அறையில் பிடித்தால் அது அங்கேயே அடங்கி நிற்குமா, புகை மாடிக்கு ஏறுமா என்பதை யாரும் வந்து பார்த்ததில்லை. சரி, பார்த்துவிடுவோம் என்று வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் தேடினேன். பச்சை டிக், நான்கரை நட்சத்திரம், 'சரிபார்க்கப்பட்ட நிபுணர்' என்று போட்டிருந்தது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் 18,500 ரூபாய். செயலியிலேயே கட்டினேன்.

வந்தவர் நல்ல சட்டை, ஹெல்மெட், கையில் டார்ச். காபி வேண்டாம் என்றார். நேராக கீழே மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கேபிள் ஷாஃப்ட்டை, அதாவது எல்லா மாடிக்கும் வயர் ஏறுகிற செங்குத்துப் பொந்தைத் திறந்தார். சாமி ரூமிலிருந்து மூன்று ஊதுபத்தி வாங்கிக் கொளுத்தி உள்ளே பிடித்துக்கொண்டு, "மேடம், நீங்க ரெண்டாவது மாடிக்குப் போய் நில்லுங்க" என்றார். போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் 208ஆம் அறைப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "அக்கா, யாரு இந்நேரத்துல சாமி கும்பிடறது?" என்று கேட்டாள்.

என்னை நம்ப வைத்தது அந்தக் கேள்விதான். வயிறு கலங்கிவிட்டது. கீழே கொளுத்தின பத்தி வாசனை இரண்டு மாடி ஏறி அந்தப் பிள்ளையின் மூக்குக்கு வருகிறது. நிஜப் புகை வந்தால்? அவர் இறங்கி வந்து பொறுமையாகச் சொன்னார். தீயை விடப் புகைதான் அதிகம் பேரைக் கொல்கிறது, ஷாஃப்ட் சிம்னி மாதிரி புகையை இழுக்கும், அதனால் ஒவ்வொரு தளத்திலும் அடைத்திருக்க வேண்டும், 2016 தேசியக் கட்டட விதித் தொகுப்பே அப்படித்தான் சொல்கிறது என்று. அவர் சொன்ன அத்தனையும் உண்மை. பிறகு நானே தேடிப் படித்துப் பார்த்தேன். விஷயம் தெரிந்தவர்தான். தெரிந்துகொண்டேதான் இதைச் செய்திருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

நான்கு நாளில் 42 பக்க ரிப்போர்ட் வந்தது. அதே கையோடு, "சரிபண்ற வேலையும் நம்ம டீமே பண்ணும் மேடம், வெளியே குடுத்தா டபுள் ஆகும்" என்றார். ஷாஃப்ட்டும் சுவரில் பைப் போகும் ஓட்டைகளும் அடைக்க 72,000. படிக்கட்டுக்கு இரண்டு மணி நேரம் தீ தாங்கும் கதவு இரண்டு, 96,000. செயலியில் போட்டால் கமிஷன் போகும், நேரடியாக அனுப்புங்கள் என்றார். அண்ணி அப்போதுதான் சீட்டு எடுத்திருந்தாள். அவள் மகள் கல்யாணத்துக்கென்று கட்டின சீட்டு. "பிள்ளைங்க உயிரு முக்கியம், அனுப்பு" என்று அவளேதான் சொன்னாள். அனுப்பினேன். மூன்று பேர் வந்து இரண்டே நாளில் வேலையை முடித்தார்கள். சிவப்பு பெயின்ட், சிவப்புக் கதவு, ஸ்டிக்கர் எல்லாம் பளிச்சென்று இருந்தது. வேலை முடிந்ததென்று செயலியில் பதிவாக ஓடிபி கேட்டார், சொன்னேன்.

அதிலிருந்து 26 ராத்திரி.

முந்தாநாள் இரண்டாவது மாடிக்கு இன்டர்நெட் கேபிள் இழுக்க எங்கள் பழைய எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். ஷாஃப்ட்டைத் திறந்து ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்துக் குத்தினார். மேலே சிவப்புப் பெயின்ட், உள்ளே மஞ்சள் ஃபோம், கட்டியாகக் கையோடு வந்துவிட்டது. "ஏனுங்க, இது ஜன்னல் சந்துக்கு அடிக்கிற ஃபோமுங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. பின்பக்கம் துவைக்கிற கல்மேல் அந்தத் துண்டை வைத்துத் தீக்குச்சியைக் காட்டினார். குபுக்கென்று பிடித்து, உருகிச் சொட்டி, கறுப்புப் புகை எழும்பியது. தள்ளி நின்றும் கண் எரிந்தது.

தீத்தடுப்புக்கென்றே சோதித்த ஃபோமும் இருக்கிறது, ராக்வூல் என்கிற எரியாத கல்பஞ்சைத் திணித்து மேலே ஃபயர் சீலன்ட் என்கிற தீ தாங்கும் பசையைப் பூசுகிற முறையும் இருக்கிறது. எங்களுக்கு அடித்தது கடையில் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாரண டப்பா. காலி டப்பாக்களை மோட்டார் ரூமுக்குப் பின்னாலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்தச் சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். முன்பு அந்த ஷாஃப்ட் வெறும் ஓட்டையாக இருந்தது. இப்போது காசு கொடுத்து அதில் எரிகிற சாமானை நிரப்பி வைத்திருக்கிறேன், 38 பிள்ளைகள் தூங்குகிற இடத்தில்.

அண்ணன் அத்தோடு விடவில்லை. ஏணி போட்டு சமையலறை வராந்தாவில் ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்றைத் தூக்கினார். பல வருஷத்துத் தூசி அப்படியே படிந்திருக்கிறது, ஒரு விரல் தடம்கூட இல்லை. அங்கே சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடுகிறது, கான்கிரீட் கூரை வரைக்கும் போகவில்லை. டார்ச் அடித்தால் சமையலறை பக்கமிருந்து எங்கள் சாப்பாட்டு அறை தெரிகிறது. தீ பிடித்தால் புகை அந்த வழியாகத் தாராளமாகப் போகும். ரிப்போர்ட்டில் 17ஆம் பக்கம், 'சுவர் கூரை வரை உள்ளது, திருப்தி' என்று எழுதியிருக்கிறது.

அப்புறம்தான் ராத்திரி உட்கார்ந்து அந்த 42 பக்கத்தையும் ஒழுங்காகப் பார்த்தேன். படங்களில் இருப்பது எங்கள் கட்டடமே இல்லை. எங்கள் வராந்தாவில் வெள்ளை டைல்ஸ், படத்தில் மொசைக் தரை. ஒரு படத்தில் கதவு எண் 401. எங்களுக்கு நாலாவது மாடியே கிடையாது. இதை நான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

கதவுகளும் அதே கதைதான். நிஜமான தீத்தடுப்புக் கதவில் ஓரத்தில் ஒரு பட்டை வைத்திருப்பார்கள், சூடு பட்டதும் அது உப்பி இடுக்கை அடைத்துவிடும். எங்கள் கதவில் இருப்பது ஏசி ரூமுக்கு ஒட்டுகிற ரப்பர். கதவுக்கும் நிலைக்கும் நடுவே மூன்று, நான்கு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாதாம். எங்களுக்கு என் சுண்டுவிரல் நுழைகிறது. தானாக மூடும் குளோசர் ஒன்றில் மாட்டவே இல்லை. கடையில் வாங்கின ஃப்ளஷ் கதவுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து 96,000 வாங்கியிருக்கிறார்.

போன் போட்டேன். முதலில் "கோயம்புத்தூர் சைட்ல இருக்கேன் மேடம், சாயங்காலம் கூப்பிடறேன்". சாயங்காலம் நானே கூப்பிட்டேன். "நீங்க தீக்குச்சி வெச்சு கொளுத்தினா எரியத்தான் மேடம் செய்யும்" என்றார். தீ தாங்க வேண்டிய பொருளைப் பற்றி இப்படி ஒரு மனுஷன் பேசுவானா? படங்களைப் பற்றிக் கேட்டதும், "அது மாதிரிக்குப் போட்டது" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்கப்புறம் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார். அண்ணி நம்பரையும்.

செயலியில் புகார் போட்டால் முதலில் மெஷின் பதில். ஆள் வருவதற்கே ஒரு மணி நேரம். வந்த பெண் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "ஓடிபி குடுத்திருக்கீங்க, அதனால வேலை திருப்தியா முடிஞ்சதா பதிவாகியிருக்கு மேடம்" என்றாள். புகாருக்கு 15 நாள்தான் கெடுவாம். 1,68,000 ரூபாய் வெளியே கட்டினது, அது அவர்கள் பொறுப்பு இல்லையாம். 18,500க்காவது பதில் சொல்லுங்கள் என்றேன். மேலே அனுப்புகிறோம் என்றாள். இன்று காலை பார்த்தால் புகார் 'முடிக்கப்பட்டது' என்று இருக்கிறது. அந்த ஆளின் பச்சை டிக் அப்படியே இருக்கிறது. இப்போது நீங்கள் தேடினாலும் வருவார்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குக் காகிதம் தயார் பண்ணுகிறோம். 1,86,500 ரூபாய் திரும்ப வருமா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதலாமென்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டுமாவது கேளுங்கள். பார்வையிட ஒருவர், வேலை செய்ய வேறொருவர் என்று வையுங்கள், ஒரே ஆளிடம் இரண்டையும் கொடுக்காதீர்கள். அவர் ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து பார்க்கும்போது நீங்களும் ஏணிக்குப் பக்கத்தில் நில்லுங்கள், படம் உங்கள் போனிலும் எடுங்கள். அடைக்கிற பொருளின் டப்பாவையும், கதவின் தீச்சோதனைச் சான்றையும் வேலைக்கு முன்பே கேளுங்கள். ஓடிபியை அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் நாளை காலை ஆறு மணிக்கு ஆள் கூட்டிக்கொண்டு வருகிறார், மீதி ஃபோமைப் பிடுங்க. கூலி வேண்டாம் என்கிறார். அதுவரை ஷாஃப்ட் இருக்கிற வராந்தாவில் நானும் அண்ணியும் மாறி மாறிப் படுத்துக்கொள்கிறோம். ஷாஃப்ட்டை ஒட்டின 208லும் 209லும் இருந்த பிள்ளைகளை இன்றைக்குக் கீழே சாப்பாட்டு அறையில் வாசல் கதவுக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறேன். சமையலறையில் சிலிண்டரை மூடி வெளியே எடுத்து வைத்தாயிற்று. ஏன் என்று கேட்டார்கள். சொல்லிவிட்டேன்.