சுரங்கச்சாலையா, மெட்ரோவா? ஹெப்பாள் – சில்க் போர்டு வழி

பெங்களூரில் வீடு மாற்றியபோது எங்களுக்கு முன்னால் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று மேக்ரி சர்க்கிள் பக்கம். "டன்னல் ரோடு வந்துட்டா சில்க் போர்டுக்கு இருபது நிமிஷம் சார்" என்று தரகர் அடித்துச் சொன்னார். இன்னொன்று ஜெயதேவா மருத்துவமனைப் பக்கம், மஞ்சள் தட மெட்ரோ நிலையத்துக்கு நடந்தே போகலாம். இரண்டாவதை எடுத்தோம். எனவே நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பது தெரிந்தே படியுங்கள்.

கர்நாடக காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான டி.கே. சிவகுமார் முன்னின்று கொண்டுவரும் சுரங்கச்சாலை, ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை சுமார் 16.75 கிலோமீட்டர். போக ஒன்று, வர ஒன்று என இரண்டு குழாய்கள், ஒவ்வொன்றிலும் மூன்று வரிசை (லேன்). மதிப்பீடு 17,698 கோடி ரூபாய். இதற்கு எதிரே நான் வைப்பது மெட்ரோவின் சிவப்புத் தடம்: ஹெப்பாளிலிருந்து மேக்ரி சர்க்கிள், கே.ஆர். சர்க்கிள், டவுன் ஹால், கோரமங்களா வழியாக சர்ஜாபூர் வரை சுமார் 37 கிலோமீட்டர், 28 நிலையங்கள், 28,405 கோடி. மாநில அமைச்சரவை இதை 2024 டிசம்பரில் ஏற்றது. இது இரு மடங்குக்கும் அதிகமான நீளம். கிலோமீட்டருக்கு ஆகும் செலவு சுரங்கச்சாலையை விடக் குறைவு.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. விமான நிலையத்துக்குக் காரில் ஓடுபவர்களுக்கும் ஆம்புலன்ஸுக்கும் சுரங்கம் நல்லதுதான், மறுக்கவில்லை. எத்தனை பேரை ஏற்றும் என்பதிலும் பெரிய விவாதம் இல்லை. ஒரு வரிசையில் மணிக்கு 1,800 கார் போனால் அது நல்ல ஓட்டம். மூன்று வரிசைக்கு 5,400 கார். காருக்கு ஒன்றரைப் பேர் என்றால் எட்டாயிரத்துச் சொச்சம் பேர். ஆறு பெட்டி ரயிலில் 1,500 பேர், ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று வைத்தாலே 18,000. அதோடு, இந்த ஊரில் ஓடும் வண்டிகளில் பாதிக்கும் மேல் இருசக்கர வண்டிகள். திட்டப்படி அவற்றுக்கும் ஆட்டோவுக்கும் சுரங்கத்தில் இடமில்லை. கார்க்காரருக்கும் கிலோமீட்டருக்கு 19 ரூபாய் டோல் என்று பேசப்பட்டது. ஒரு தடவை முழுக்கப் போக ஏறக்குறைய 320 ரூபாய். மெட்ரோவில் 2025 பிப்ரவரியில் கட்டணத்தை ஏற்றியது எனக்கும் வருத்தம்தான், ஆனாலும் அப்போது வைத்த உச்சக் கட்டணமே 90 ரூபாய்.

சரி, இவையெல்லாம் ஊருக்கான கணக்கு. குடியிருப்பவர் பார்க்க வேண்டியது வேறு: சுரங்கம் எங்கே வாய் திறக்கிறது?

பூமிக்கடியில் முப்பது மீட்டர் ஆழத்தில் கார் ஓடினால் மேலே இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. தெரிவதெல்லாம் ரேம்ப், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கி ஏறும் சரிவுப் பாதை, இருக்கும் இடத்தில்தான். ஹெப்பாள், மேக்ரி சர்க்கிள், ரேஸ் கோர்ஸ், லால்பாக், சில்க் போர்டு என ஐந்து இடங்களில் வாய்கள் திட்டமிடப்பட்டன. இரண்டு முனைகளும் இப்போதே திணறும் சந்திப்புகள். ஹெப்பாள் மேம்பாலத்தில் 2025 ஆகஸ்டில் புதிய லூப் திறந்தார்கள். சில்க் போர்டு பக்கம் 2024 ஜூலையில் ஈரடுக்கு மேம்பாலம் திறந்தார்கள். இவ்வளவு செய்தும் மாலை ஆறு மணிக்கு அங்கே நின்று பாருங்கள்.

நடுவில் இருக்கும் மூன்று வாய்கள்தான் எனக்கு அதைவிடக் கவலை. ஒரு ரேம்ப்பில் ஒரே ஒரு வரிசை வெளியே வருகிறது என்று வைப்போம். மணிக்கு 1,800 என்றால் இரண்டு நொடிக்கு ஒரு கார். மேலே சிக்னல் இரண்டு நிமிடம் சிவப்பில் நின்றால் அறுபது கார் சேரும். ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் 350 மீட்டருக்கு மேல். அந்த வரிசை ரேம்ப்பில் இறங்கி, சுரங்கத்துக்குள்ளேயே நீளும். சுரங்கத்துக்குள் வண்டிகள் தேங்கி நிற்பதை எந்த நிர்வாகமும் விடாது. புகை, தீ ஆபத்து. அப்படியானால் என்ன செய்வார்கள்? மேலே உள்ள சிக்னலில் ரேம்ப்புக்கு அதிக நேரம் கொடுப்பார்கள். அந்த நேரம் எங்கிருந்து வரும்? சாலையைக் கடக்கும் ஆளிடமிருந்தும், குறுக்கே போகும் பிஎம்டிசி பஸ்ஸிடமிருந்தும்தான். ரேஸ் கோர்ஸைச் சுற்றியுள்ள ஒருவழிப் பாதைகளிலும், லால்பாக்கை ஒட்டிய சித்தாபுரா, வில்சன் கார்டன் தெருக்களிலும் இருப்பவர்களுக்கு இதுதான் தினசரி வாழ்க்கையாகிவிடும். சில வருடம் கழித்து அந்தத் தெருவை அகலப்படுத்த வேண்டும் என்பார்கள், அப்புறம் மரம் போகும்.

இது வெறும் பயம் இல்லை. சிட்னியில் ரோசெல் சந்திப்பு என்ற நிலத்தடிச் சாலைப் பின்னலை 2023 நவம்பரில் திறந்தார்கள். உள்ளே வண்டிகள் ஓடின. வெளியே விக்டோரியா சாலையும் ஆன்சாக் பாலத்துக்குப் போகும் வழியும் அடைத்துக்கொண்டன, ஏனென்றால் பல வரிசைகள் வந்து அந்தப் பாலத்தின் சில வரிசைகளுக்குள் நுழைய வேண்டியிருந்தது. பணமும் திட்டமிடலும் நம்மைவிட அதிகம் உள்ள நகரத்திலேயே இப்படி நடந்து, சட்டமன்ற விசாரணை வரை போனது.

மெட்ரோ நிலையத்துக்கும் வாய் உண்டு. ஆனால் அதிலிருந்து வெளியே வருவது மனிதர்கள். ஐநூறு பேர் ஒரே நேரத்தில் படியேறி வந்தாலும் ஐந்து நிமிடத்தில் தெருக்களில் கரைந்துவிடுவார்கள், நின்று அடைக்க மாட்டார்கள். எங்கள் நிலையத்தடியில் ஆட்டோக்கள் கூடுகின்றன, நடைபாதை மோசம், இரண்டும் உண்மை. அவற்றை வார்டு அளவிலேயே சரிசெய்துவிட முடியும்.

லால்பாக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், 240 ஏக்கர். உள்ளே இருக்கும் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள், தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். இந்தத் தோட்டத்தின் ஓரத்தில் சுமார் ஆறு ஏக்கர் வேண்டும் என்ற பேச்சு வந்ததும் 2025இல் மக்கள் திரண்டார்கள். லால்பாக்குக்குப் பாதிப்பு வராது என்று அரசு தரப்பில் உறுதி சொன்னார்கள். இந்த ஊர் மக்கள் ஏற்கெனவே 2016இல் பசவேஸ்வரா சர்க்கிள் – ஹெப்பாள் இரும்பு மேம்பாலத்தை எதிர்த்தார்கள், 2017இல் அது கைவிடப்பட்டது. எனவே இந்த உறுதியும் நிற்கும் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது.

தோண்டும் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெட்ரோக் குழாயின் விட்டம் ஆறு மீட்டர் அளவு. மூன்று வரிசைச் சாலைக்குக் குறைந்தது பதினாலு மீட்டர் வேண்டும். அதாவது ஒவ்வொரு மீட்டருக்கும் ஐந்து மடங்குக்கு மேல் பாறை வெளியேறும். அத்தனையும் லாரியில், அதே தெருக்கள் வழியாகத்தான் போக வேண்டும்.

மெட்ரோவையும் புனிதமாக்கவில்லை. காமராஜ் சாலை வருடக்கணக்கில் மூடிக் கிடந்தது, எம்.ஜி. ரோடு நடைபாதைப் பூங்கா போனது. மஞ்சள் தடமே 2025 ஆகஸ்டில் மூன்று ரயில்களோடு, 25 நிமிட இடைவெளியில்தான் தொடங்கியது. சிவப்புத் தடத்துக்கும் இன்னும் பல ஆண்டுகள் பிடிக்கும். சுரங்கச்சாலை வாயின் அருகே நான் குடியிருந்ததில்லை, அங்கே காற்று எப்படியிருக்கும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. உள்ளே சேரும் புகையை விசிறிகள் தள்ளித்தானே ஆக வேண்டும் என்பது மட்டும் தெரியும். நிலத்தடி நீர் பற்றியும் பொறியாளர்கள்தான் பேச வேண்டும்.

மேக்ரி சர்க்கிள், ரேஸ் கோர்ஸ், லால்பாக் பக்கம் வீடு பார்ப்பவர்கள், தரகர் சொல்லும் நிமிடக் கணக்கை விட்டுவிட்டு, ரேம்ப் எந்தத் தெருவில் ஏறுகிறது என்று திட்ட வரைபடத்தில் பாருங்கள். எப்படியும் கட்டியே தீருவோம் என்று அரசு நின்றால், நாம் கேட்க வேண்டியது இதுதான்: நடுவிலுள்ள மூன்று வாய்களையும் எடுத்துவிடுங்கள், இரண்டு முனைகள் போதும், உள்ளே ஒரு வரிசையைப் பஸ்ஸுக்கு ஒதுக்குங்கள்.